12 தாள்களில் ஒரு விண்கலம்: எண்டர்பிரைஸ் வரைபடத் தொகுப்பு

கிருஷ்ணகிரியில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். ஃபிரான்ஸ் ஜோசப் வரைந்து, 1975இல் பாலன்டைன் பதிப்பகம் வெளியிட்ட ‘ஸ்டார் டிரெக்’ வரைபடத் தொகுப்பையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஓசூரில் பணிபுரியும் நண்பர் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பழைய பிரதி இது. ‘ஸ்டார் டிரெக்’ 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர். அதில் வரும் எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தின் வெளித்தோற்றமும், நெடுக்குவெட்டும் (கலத்தை நீளவாக்கில் வெட்டினால் தெரியும் தோற்றம்), தளம் தளமாக உள்ளமைப்பும் 12 நீண்ட தாள்களில் அச்சிடப்பட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ளன.

ஜோசப் விமானத் தயாரிப்பு நிறுவனத்தில் வரைவாளராக இருந்தவர் என்பதைக் கோடுகளே சொல்லிவிடுகின்றன. தொடருக்காகப் போடப்பட்ட படப்பிடிப்பு அரங்குகள் (செட்) மிகச் சில; வளைந்து செல்லும் ஒரே நடைபாதையைத்தான் விளக்கின் நிறத்தையும் கதவின் பெயர்ப்பலகையையும் மாற்றி வெவ்வேறு தளங்களாகக் காட்டினார்கள். அந்தச் சில அரங்குகளை வைத்துக்கொண்டு, சுமார் 289 மீட்டர் நீளமுள்ள கலத்தில் 430 பேர் எங்கே உறங்குவார்கள், எங்கே சாப்பிடுவார்கள், சரக்கு எந்த வழியாக இறங்கும் என்று யோசித்து, மீதி இடம் முழுவதையும் அவர் நிரப்ப வேண்டியிருந்தது. ஓர் அத்தியாயத்தில் பேச்சோடு பேச்சாக வந்துபோகும் பௌலிங் கூடத்துக்குக்கூடக் கீழ்த்தளம் ஒன்றில் இடம் ஒதுக்கியிருக்கிறார். குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து வரைந்த பிளான் இது என்பதற்கு அந்த ஓர் அறையே போதும்.

தொகுப்பின் பெரிய சிக்கல் முதல் தளத்திலேயே இருக்கிறது. கலத்தின் உச்சியிலுள்ள குவிமாடத்துக்குள் வட்டமான கட்டுப்பாட்டு அறை. குவிமாடத்தின் பின்புறம் நட்டநடுவே உருளை வடிவில் ஒரு புடைப்பு. அது லிஃப்ட் குழாயாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜோசப் எடுத்துக்கொண்டார். ஆனால் அரங்கிலோ லிஃப்ட் கதவு கேப்டனுக்கு நேர் பின்னால் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி இருக்கிறது. அப்படி இருப்பதால்தான் முன்னாலிருந்து படம்பிடிக்கும்போது கேப்டனும் லிஃப்டிலிருந்து வெளியே வருபவரும் ஒரே காட்சியில் மறைப்பின்றித் தெரிகிறார்கள். இரண்டையும் பொருத்துவதற்காக ஜோசப் அறை முழுவதையும் இடப்பக்கமாக 36 பாகை திருப்பிவிட்டார். விளைவாக, கலம் ஒரு திசையில் போக, கேப்டன் வேறொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. தொடரில் வரும் லிஃப்ட் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் ஓடக்கூடியது. எனவே பின்புறக் குழாயில் ஏறி வரும் லிஃப்ட் அறைக்கு வெளியே சற்று வளைந்து பக்கக் கதவுக்கு வந்து சேர்வதாக வரைந்திருந்தால், அறையைத் திருப்பாமலே வேலை முடிந்திருக்கும். குழாய் எங்கே வந்தாலும் உட்காருகிறவரின் முகம் எந்தத் திசையில் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வீட்டுக்கு பிளான் போடும்போதும் தெருவாசலை நிறுத்திய பிறகுதான் மாடிப்படிக்கு இடம் தேடுகிறோம்.

தொடரின் கட்டுப்பாட்டு அறைக்கு அந்த லிஃப்டைத் தவிர வேறு வாசல் கிடையாது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுவார்கள் என்ற கேள்வி எனக்கு மட்டும் எழுந்ததல்ல; 1973இல் வந்த ‘ஸ்டார் டிரெக்’ அசைவூட்டத் (அனிமேஷன்) தொடரில் அந்த அறைக்கு இரண்டாவது கதவு ஒன்றைச் சேர்த்தார்கள்.

அச்சின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடுகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. ஆனால் மடிப்பு விழுந்த இடங்களில் பொடி எழுத்துகள் தேய்ந்திருப்பதால், பழைய பிரதி வாங்குகிறவர்கள் தாள்களை விரித்துப் பார்த்துத்தான் விலை பேச வேண்டும். தொடரை ஓரளவாவது பார்த்தவர்களுக்கே இது பயன்படும். அரங்குகளை அறியாதவருக்கு வெறும் அறைகளின் வரிசையாகத்தான் தெரியும். வாங்கியவுடன் தளங்களுக்குள் நுழைய வேண்டாம். முதலில் நெடுக்குவெட்டுத் தாளை மேசைமேல் விரித்து, எந்தத் தளம் எந்த உயரத்தில் வருகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, அதை அருகிலேயே வைத்தபடி மற்றத் தாள்களைப் பாருங்கள்.