புள்ளி தின்னும் தளம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "டெஜாவு ஃபைலை ஜேபிஜியா மாத்த ஆன்லைன்ல நல்ல சைட் இருக்கா? நீங்கதான் மூணு வருஷமா மாத்திட்டே இருக்கீங்களே." வாட்ஸ்அப்பில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது.

2009, 2010 வாக்கில் இறக்கி டிவிடியில் போட்டுவைத்த பழைய தமிழ்ப் புத்தகங்கள் என்னிடம் நூற்றுச் சொச்சம் உண்டு. பாதிக்கு மேல் டெஜாவு (DjVu), அதாவது ஸ்கேன் செய்த பக்கங்களைச் சிறிதாக அடக்கிவைக்கும் ஃபைல் வடிவம். நெட் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில் அது வரப்பிரசாதம். 200 பக்கப் புத்தகம் ஆறு எம்பியில் அடங்கிவிடும். இப்போது சீந்துவார் இல்லை. இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்கைவே 2016இல் அந்த வடிவத்தில் புதிதாகத் தருவதை நிறுத்திவிட்டது. போனில் திறக்கத் தனி ஆப் வேண்டும். என் பெரியப்பாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது. கேலரியில் படமாக வந்தால் விரலால் பெரிதாக்கிப் படிப்பார், அவ்வளவுதான். டெக்ஸ்டாக மாற்றலாமே என்றால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, துதிக்கை போட்ட ணை, லைகளைப் பார்த்ததும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓசிஆர் திணறுகிறது.

ஆகவே படம்தான். நான் பிடித்த தளத்தில் காசு கேட்கமாட்டார்கள், மெயில் ஐடி கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடி போனிலிருந்தே ஏற்றினால் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் ஜிப் வந்துவிடும். இதுவரை குறையே இல்லை.

அப்புறம் ஒரு நாள் பெரியப்பா கூப்பிட்டார். "டேய், இந்த அந்தாதியை எவன்டா அச்சுப் போட்டான்? வெண்பாவுக்கு வெண்பா தளை தட்டுதே!" திறந்து பார்த்தேன். 'கல்' இருக்க வேண்டிய இடத்தில் 'கல'. 'கண்' போய் 'கண'. நேரசையெல்லாம் நிரையசையாகி நிற்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், விடுவாரா? ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் வைக்காமல் விட்டார்கள். இந்தத் தளத்துக்கு எந்த ஓலை கிழிகிறதாம்?

விஷயம் இதுதான். டெஜாவு, எழுத்தை ஓர் அடுக்காகவும் காகிதத்தின் பழுப்பை வேறோர் அடுக்காகவும் பிரித்து வைத்திருக்கும். என் புத்தகங்களில் எழுத்தடுக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல். தளம் இரண்டையும் ஒன்றாக்கி, 72க்குச் சுருக்கி, ஜேபிஜியாக அமுக்குகிறது. ஐந்து பிக்சல் அகலம் இருந்த புள்ளி ஒன்றாகிவிடும். அந்த ஒன்றும் பழுப்பில் கரைந்துவிடும். ஆங்கிலத்தில் ஐயின் தலைப்புள்ளி போனால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

தளத்தின் மூலையில் கடுகளவு ஒரு பல்சக்கரக் குறி இருப்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அதை அமுக்கி 300 என்று போட்டு, ஜேபிஜிக்குப் பதில் தரம் குறையாத பிஎன்ஜி படமாகக் கேட்டால், புள்ளி ஒன்றுவிடாமல் வருகிறது. காகித ரேகைகூடத் தெரிகிறது. அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஆறு எம்பி புத்தகம் பல மடங்கு ஊதிவிடும், பரவாயில்லை. ஆனால் அடுத்த முறை திறந்தால் மறுபடி 72. ஒவ்வொரு முறையும் 72! நான் போட்டதை நினைவில் வைத்துக்கொள்ள என்ன கேடு? (பக்கங்கள் 1, 10, 100 என்று வரிசை மாறி நிற்பது தனிக் கதை. அதில் பாதிப் பழி கேலரிக்கு.)

வீட்டுக் கம்ப்யூட்டரில் டெஜாவு ஃபைலை மாற்றித்தரும் டெஜாவுலிப்ரே என்ற மென்பொருள் போட்டிருக்கிறேன். இலவசம். எழுத்தடுக்கை மட்டும் கறுப்பு வெள்ளை டிஃப் படமாக உருவித் தரும், நெட்டே வேண்டாம். ஆனால் அதற்கு மேஜைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும்.

நண்பருக்கு என் பதில்: நல்ல தளம். வேகம், இலவசம், தொல்லை இல்லை. தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள்.

நேற்று சாயங்காலம் பெரியப்பா இன்னொரு வெண்பா நூல் கேட்டார். பஸ்ஸில் இருந்தேன், அதே தளத்தில் மாற்றி அனுப்பிவிட்டேன். இறங்கும்போதுதான் பல்சக்கரம் ஞாபகம் வந்தது. இன்னும் அவரிடமிருந்து போன் வரவில்லை.