வியன்னா சிறுவர் சேர்ந்திசைக் குழு: பயிற்சி எப்படி, மேடை எப்படி?

பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லித்தரும் இடங்களில், மேடையையே வகுப்பறையாக்கியது வியன்னா சிறுவர் சேர்ந்திசைக் குழு. 1498-ல் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் அரண்மனைத் தேவாலயத்துக்காகத் தொடங்கியது. முடியாட்சி போனபின் 1924-ல் தனி அமைப்பாக மறுபிறவி எடுத்தது. இன்று 9 முதல் 14 வயது வரை சுமார் 100 பையன்கள், புரூக்னர், ஹைடன், மோட்சார்ட், ஷூபர்ட் என்று இசையமைப்பாளர்கள் பெயரில் நான்கு குழுக்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 9 முதல் 11 வாரம் வெளியூர்ப் பயணம் போகிறது. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 300 கச்சேரிகள். ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு உருப்போடும் பள்ளிக் குழுக்களுக்கு இதெல்லாம் எட்டாக் கனி.

தினமும் ஏறக்குறைய 2 மணி நேரம் பயிற்சி. அதில் கவனிக்க வேண்டியது குரல். நம்மூர்ப் பாட்டு வகுப்பில் ‘கள்ளக்குரல்’ என்று அதட்டி நிறுத்துகிற மெல்லிய மேல் குரலைத்தான் அங்கே முதலில் வளர்க்கிறார்கள். அடித்தொண்டைக் குரலை அப்படியே மேல் ஸ்தாயிக்கு இழுத்தால் தொண்டை கட்டும், சுருதி இறங்கும், அந்த ஒரு பையன் மட்டும் துருத்திக்கொண்டு கேட்பான். பக்கவாத்தியம் இல்லாத பாட்டில் குழுவே கால் சுரம், அரைச் சுரம் கீழே நழுவுவது பெரும்பாலும் இதனால்தான். மூச்சும் அப்படியே: நீளமான வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டில் ஓட்டை விழும். பக்கத்துப் பையன் பாடிக்கொண்டிருக்கும்போது, சொல்லின் நடுவிலேயே திருட்டு மூச்சு எடுக்கப் பழக வேண்டும்.

அரண்மனைத் தேவாலயத்தின் ஞாயிறு திருப்பலியில் சோப்ரானோவும் (உச்சக் குரல்) ஆல்டோவும் (அதற்கு அடுத்த குரல்) பையன்கள். டெனர், பேஸ் என்ற கீழ்க்குரல் வரிகளை வியன்னா அரசு ஆப்பெராவின் (இசை நாடக அரங்கின்) ஆண் பாடகர்கள் பாடுகிறார்கள். வாத்தியம் வியன்னா பில்ஹார்மோனிக் என்ற வாத்தியக் குழுவின் கலைஞர்கள். பத்து வயதில் இப்படிப்பட்டவர்களோடு நின்று பாடுவது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடைக்காது.

குறை, காலக்கெடு. குரல் உடைந்தால் பயணக் குழுவில் இடமில்லை. சிறுவனாக அரண்மனைத் தேவாலயத்தில் பாடிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டே, 1812 ஜூலை 26 அன்று கடைசியாகக் கூவியதாகத் தன் ஆல்டோத் தாளில் கிறுக்கி வைத்திருக்கிறார். இப்போது அவர்களுடைய மேல்நிலைப் பள்ளியில் இருபாலரும் சேர்ந்து பாடிப் படிக்கலாம் என்பது ஆறுதல். சிறுமியர் குழு 2004-ல்தான் வந்தது. உலகப் பயணமும் பெயரும் இன்னும் பையன்கள் பக்கமே. ஐந்நூறு வருடப் பழமைக்கு இது அழகில்லை.

கேட்கப் போகிறவர்களுக்கு: ஹோஃப்புர்க் அரண்மனைத் தேவாலயத்தில் ஞாயிறு காலை 9.15-க்குப் பாடுவார்கள், ஆனால் மேல்மாடத்தில் நின்று. கீழே காசு கொடுத்து உட்கார்ந்தாலும் முகம் தெரியாது. முடிவில் ஒரு பாட்டுக்குக் கீழே இறங்கி வருவதோடு சரி. ஜூலை, ஆகஸ்டில் அதுவும் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப்போனால், 2012-ல் திறந்த, 400 இருக்கை கொண்ட அவர்களுடைய ‘மூத்’ அரங்கமே நல்லது. நடத்துநரின் கை அசைவும் பையன்களின் வாய்த் திறப்பும் பக்கத்தில் தெரியும்.