கொட்டுவதா, மூடுவதா, மீன் விடுவதா, மருந்து ஊற்றுவதா?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கொசுப் புகை அடிக்கும் வண்டி எந்தத் தெருவுக்கு வந்தது, எதற்கு வரவில்லை என்பதுதான் சென்னையில் பேச்சு. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவைத் தொடாது. இன்று மாலை தெருவெல்லாம் புகை போட்டாலும், டிரம்மில் கிடக்கும் கூட்டுப்புழு (புழு கொசுவாகும் முன் எடுக்கும் கடைசி உருவம்) இரண்டு நாளில் கொசுவாக எழுந்துவிடும். எனவே புகையை விட்டுவிட்டு, புழுவையே தடுக்கும் வழிகளை மட்டும் பார்ப்போம்.

எந்த வழி சிறந்தது என்ற கேள்விக்கு முன், எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டிரம், பூந்தொட்டித் தட்டு, டயர் போன்றவற்றில் முட்டையிடும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டெபன்சிக்குக் கிணறும் மொட்டைமாடித் தொட்டியும் பிடிக்கும். இரவில் காதோரம் ரீங்காரமிடும் கியூலெக்ஸுக்குச் செப்டிக் டேங்கும் சாக்கடையும் போதும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்குப் பலிக்காது.

கொட்டித் தேய்ப்பது

செலவே இல்லாத வழி இது. அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான். முட்டை கொசுவாக நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாள் ஆகும். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு தவறாமல் கொட்டினால் சுழற்சி அறுந்துபோகும். ஆனால் பலர் கொட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் ஒட்டி வைக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் மிளகைப் பொடித்து ஒட்டியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரியும். காய்ந்தாலும் அவை மாதக்கணக்கில் சாகாது. அடுத்த முறை டிரம் நிரம்பித் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டதும் பொரிந்துவிடும். கோடையில் கவிழ்த்து வைத்த டிரம்மில் முதல் மழைக்கே புழு வருவது இதனால்தான்.

ஆகவே தேய்ப்பதுதான் முக்கியம். தண்ணீர் நிற்கும் கோட்டுக்கு மேலும் கீழும் நான்கு விரல் அகலத்துக்கு, ப்ளீச்சிங் பவுடரைத் துணி சோப்புத் தூளோடு குழைத்துத் தடவி, 15 நிமிடம் விட்டு, தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். ஹோண்டுராஸில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இதே முறையை 'உந்தாடிதா' என்ற பெயரில் பரப்பினார்கள். கழிவறை ஆசிட்டோடு ப்ளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, விஷ வாயு வரும். கொட்டும் தண்ணீரையும் சாக்கடையில் விடாமல் வெயில் படும் மண்ணில் ஊற்றுங்கள். சாக்கடையில் விட்டால் புழு இடம் மாறிப் பிழைத்துக்கொள்ளும், மண்ணில் காய்ந்து சாகும்.

சின்னச் சாமான்களுக்கு இதை மிஞ்சிய வழி கிடையாது. ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, ஏர்கூலர், மணிபிளான்ட் பாட்டில் எல்லாம் வாராவாரம் கழுவ வேண்டியவை. பூந்தொட்டித் தட்டில் விளிம்பு வரை ஆற்றுமணலை நிரப்பிவிட்டால் திறந்த தண்ணீரே இருக்காது. அலமாரிக் கால் கிண்ணத்தில் எறும்புக்காக வைக்கும் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றலாம். கொட்டாங்குச்சி, டயர், உடைந்த வாளி போன்றவை வாசலில் கிடக்கவே வேண்டாம்.

மூடுவது

ஆனால் 1,000 லிட்டர் சிண்டெக்ஸையோ சம்ப்பையோ வாராவாரம் யாரும் கொட்டப் போவதில்லை. அங்கே மூடிதான். எல்லா வழிகளிலும் முதல் மதிப்பெண் இதற்கே. தண்ணீரில் எதுவும் கலப்பதில்லை, ஒருமுறை சரியாகச் செய்தால் ஆண்டு முழுதும் நிற்கும்.

'சரியாக' என்பதில்தான் சிக்கல். டேங்க் மூடியை மூடிவிட்டு ஓவர்ஃப்ளோ பைப்பை மறந்துவிடுவார்கள். கொசு அதன் வழியாகத்தான் போகும். பைப் வாயில் கொசுவலைத் துண்டை இரண்டாக மடித்துக் கம்பியால் கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை பார்க்கவும் வேண்டும். பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேல் மூடி வழியே வழியும்.

டிரம்முக்கு வேட்டித் துணி கட்டுவது நல்ல பழக்கம். சணல் கயிறு தளர்ந்துவிடும், சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டினால் இறுக்கமாக நிற்கும். துணி நடுவில் தொய்ந்தால் மழைநீர் அந்தக் குழியிலேயே தேங்கி, மூடின துணியின் மேலேயே புழு வளரும். தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, மேலே ஒரு தட்டையும் சாய்வாக வைத்துவிடுங்கள்.

செப்டிக் டேங்கில் கதை வேறு. மேல் சிலாப் விரிசலையும் ஆள்நுழைவு மூடி ஓரத்தையும் சிமென்ட்டால் பூசி அடைக்க வேண்டும். காற்றுப் போக்கிக் குழாயின் தலையில் வலை கட்ட வேண்டும். நைலான் வலை வெயிலிலும் உள்ளிருந்து வரும் வாயுவிலும் சீக்கிரம் நைந்து கிழியும். எவர்சில்வர் கம்பிவலை விலை கூடுதல்தான், ஆனால் உழைக்கும்.

மீனும் மருந்தும்

மூட முடியாத கிணற்றுக்கு மீன்தான் பொருத்தம். கம்பூசியா இந்தியாவுக்கு 1928-இல் கொண்டுவரப்பட்ட மீன். நல்ல தண்ணீரில் நன்றாகப் பெருகும். கழிவு கலந்த தண்ணீரைக் கப்பி என்ற மீன் தாங்கும். சதுர மீட்டருக்கு 5 முதல் 10 மீன் என்பது கணக்கு. பத்தடி விட்டக் கிணறென்றால் சுமார் 7 சதுர மீட்டர், 35 முதல் 70 மீன். இரண்டும் குஞ்சு போடுகிற இனம் என்பதால் ஆணும் பெண்ணும் கலந்து விட்டால் தானே பெருகும். பையோடு அரை மணி நேரம் கிணற்றுத் தண்ணீரில் மிதக்க விட்டு, சூடு சமமானதும் அவிழ்த்து விடுங்கள். மிதக்கும் இலைதழைகளை அள்ளிவிடாவிட்டால் அதற்குள் புழு ஒளிந்து தப்பும். ப்ளீச்சிங் பவுடர் போட்டால் மீன் அத்தனையும் செத்துவிடும், திரும்ப விட வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. கம்பூசியாவை ஏரி, குளம், ஓடை எதிலும் விடாதீர்கள். நம் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

மருந்தில் வீட்டுக்கு வருவது இரண்டு: அபேட் என்று சொல்லப்படும் டெமிபாஸ், பிடிஐ என்ற பாக்டீரியா. குடிநீரில் டெமிபாஸுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த உச்சவரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஒரு சதவீதக் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். திரவமாக வரும் 50 சதவீத மருந்து என்றால் 500 லிட்டருக்கே 1 மில்லிதான். அதாவது டிரம்முக்கு அரை மில்லிகூடத் தேவையில்லை. 5 மில்லி மூடியால் ஒரு மூடி ஊற்றினால் பன்னிரண்டு மடங்கு போய்விடும். திரவ மருந்தைக் கொசு ஒழிப்புப் பணியாளரிடமே விட்டுவிடுங்கள். நிற்கிற தண்ணீரில் வாரக்கணக்கில் வேலை செய்யும் மருந்து, தினமும் மொண்டு நிரப்பும் டிரம்மில் சீக்கிரமே கரைந்து போய்விடும். பல நாடுகளில் ஏடிஸ் இதற்குப் பழகியும்விட்டது.

பிடிஐயைத் தின்ற புழுவின் குடல் சிதைந்து ஓரிரு நாளில் சாகும். மீனுக்கும் தவளைக்கும் மனிதருக்கும் தீங்கில்லை, அதனால் அபேட்டை விட இதையே சிபாரிசு செய்யலாம். குறை என்னவென்றால் ஓரிரு வாரத்துக்கு மேல் தாங்காது. காற்புள்ளிபோல் வளைந்து குட்டிக்கரணம் போடுவது கூட்டுப்புழு. அது எதையும் தின்னாது, எனவே பிடிஐ அதைக் கொல்லாது. கூட்டுப்புழு கண்ணில் பட்டால் மருந்தைத் தேடாமல் அன்றே கொட்டிவிட வேண்டும்.

கழிவுக் குழிக்கு

உறிஞ்சு குழியிலும் பாழடைந்த கிணற்றிலும் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறார்கள். மூச்சுக்கு மேலே வரும் புழுவும் கூட்டுப்புழுவும் சாகும் என்பது உண்மைதான். ஆனால் படலம் ஒரு வாரத்தில் கலைந்துவிடும், எண்ணெய் நிலத்தடி நீருக்கு இறங்கும். அதைவிடத் தெர்மோகோல் மணி மேல். தண்ணீர் மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினால் கொசு முட்டையிட முடியாது, புழுவும் மூச்சுவிட முடியாது. சதுர மீட்டருக்கு 10 லிட்டர் மணி வேண்டும். பீன் பேக் நிரப்ப விற்கும் மணியே போதும். தான்சானியாவின் ஜான்சிபார் தீவில், மக்குண்டுச்சி என்ற ஊரில் 1980-களின் இறுதியில் யானைக்கால் நோய்க்கு மாத்திரையோடு கழிப்பறைக் குழிகளில் இந்த மணிகளையும் போட்டு, கொசுவையும் நோயையும் வெகுவாகக் குறைத்தார்கள். மணி ஆண்டுக்கணக்கில் மிதக்கும். கழிவு லாரி வந்தால் குழாயை அடிவரை இறக்கச் சொல்லுங்கள், மேலே வைத்து உறிஞ்சினால் மணியும் போய்விடும். மழையில் நிரம்பி வழிகிற குழியில் மட்டும் இதைப் போடவே கூடாது. அத்தனை மணியும் வெள்ளத்தோடு கால்வாய்க்கும் கடலுக்கும்தான் போகும்.