கிரீன் ஸ்வாம்ப் காப்பகம்: விடியலுக்கு முன் சேர வேண்டிய பைன் காடு

அமெரிக்காவின் வட கரோலினாவில், பிரன்ஸ்விக் கவுண்டியில் (மாவட்டத்தில்) உள்ள கிரீன் ஸ்வாம்ப் காப்பகத்தைப் பறவை நோக்குவோர் அனைவருக்கும் முழுமனத்துடன் பரிந்துரைக்கிறேன். ஆனால், காலை ஒன்பது மணிக்கு மேல் போய்ச் சேர்பவர்கள் அதன் சிறப்புக்குரிய பறவையைப் பார்க்காமலே திரும்ப நேரிடலாம்.

அந்தப் பறவை ரெட் காக்கேடட் மரங்கொத்தி. பெயரில் சிவப்பு இருந்தாலும், ஆணின் தலையோரத்தில் உள்ள ஓரிரு சிவப்பிறகுகள் கண்ணில் படுவது அரிது. அகன்ற வெண்கன்னமே நம்பத்தக்க அடையாளம். பிற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்டுப்போன மரத்தை நாட, இதுவோ உயிருள்ள முதிய நீள இலைப் பைனில், பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள் உழைத்துப் பொந்து குடைகிறது. பொந்தைச் சுற்றிச் சிறு துளைகளிட்டு அது வழியவிடும் பிசின், மரமேறும் பாம்புகளைத் தடுக்கிறது. மெழுகுதிரி உருகியதுபோல் பிசின் வழிந்த மரத்தைக் கண்டால், சற்றுத் தள்ளி, கதிரவன் எழுமுன்பே அசையாமல் நில்லுங்கள். நான் சென்ற மே மாத விடியலில், தனித்தனிப் பொந்துகளில் உறங்கிய மூன்று பறவைகள் அடுத்தடுத்து வெளிவந்து, ஒன்றையொன்று அழைத்தபடி இரைதேடிப் புறப்பட்டன. அந்தச் சில நிமிடங்களுக்காகவே இன்னொரு முறை வருவேன்.

ரப்பர் பொம்மையை அமுக்கியதுபோல் ஒலியெழுப்பும் பழுப்புத்தலைப் பசையெடுப்பான் என்னும் சிறு பறவை எளிதில் தென்படும். பாக்மன் குருவியை, நீண்ட சீழ்க்கையொலி ஒன்றும் அதைத் தொடரும் அதிர்வொலியும் கேட்கும்போதுதான் கண்டுபிடிக்க முடியும். பாடாதபோது புல்லுக்குள் மறைந்தே இருக்கும். கரிந்த அடிமரங்களைக் கண்டு வருந்த வேண்டாம். திட்டமிட்டு வைக்கும் தீ இல்லாவிட்டால் புதர் மண்டி, இக்குருவிக்கும் மஞ்சள் குடுவைச் செடிகளுக்கும் வெளிச்சமுள்ள திறந்த நிலம் இல்லாமல் போகும்.

பாதையை விட்டு ஓர் அடியும் விலகாதீர்கள். வட, தென் கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் மட்டுமே இயற்கையாக வளரும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடி இங்கே காலடி உயரத்தில்தான் இருக்கிறது. அதைத் திருடுவது வட கரோலினாவின் சில கவுண்டிகளில் 2014 முதல் கடுங்குற்றம். ஆனால் அறியாமல் மிதித்தாலும் செடிக்கு இழப்பு ஒன்றுதான்.

நிழல் குறைவு, குடிநீரும் நனையாத காலணியும் உண்ணிக்கடிக்குத் தற்காப்பும் தேவை. விடியலைத் தவறவிட்டவர்கள் அந்தி சாய்வதற்குச் சற்று முன் அதே பிசின் மரத்தருகே நின்றால், உறங்கத் திரும்பும் மரங்கொத்திகளைப் பார்க்க இன்னொரு வாய்ப்பு உண்டு.