ரோமானிய வெண்கலத் துண்டு: நாமே தேடுவதா, அலுவலரிடம் கொடுப்பதா?

இங்கிலாந்தில் உழுத வயலில் கிடைத்த துண்டு. இது என்ன பொருள் என்று, பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருட்களைப் பதிவு செய்ய 1997-இல் தொடங்கிய கையடக்கத் தொல்பொருள் திட்டத்தின் (Portable Antiquities Scheme) இணையத் தரவுத்தளத்தில் நாமே தேடலாம். அத்திட்டத்தின் வட்டார அலுவலரிடமும் காட்டலாம்.

செலவு: இரண்டுமே இலவசம்.

வேகம்: தேடல் இன்றிரவே முடியும். அலுவலரிடம் காத்திருக்கணும்.

நம்பகம்: இங்கேதான் சிக்கல். எனாமல் பதித்த சிறு வட்டம், முன்பக்கம் பார்த்தால் ஆடையில் குத்தும் உடை ஊசியாகவும் (brooch) தெரியும், மெழுகு முத்திரையைக் காக்கும் சின்ன முத்திரைப் பெட்டியின் மூடியாகவும் தெரியும். திருப்புங்கள். ஊசிமுனையைத் தாங்கும் கொக்கி இருந்தால் உடை ஊசி. கீல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் மூடி. இரண்டும் தேய்ந்திருந்தால் படம் பார்த்துப் பயனில்லை, பழகிய கண் வேண்டும்.

முழுதாக இருக்கிறது, பெயர் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குத் தரவுத்தளம். உடைந்தது, வெளிர்பச்சைத் தூள் உதிர்வது, கிடைத்த இடம் முறையாகப் பதிவாக வேண்டியது எல்லாம் அலுவலரிடம். அதுவரை, தயவுசெய்து, புளி போட்டுத் தேய்க்காதீர்கள்!