இன்னொசென்தி மியூசியம், ஃபுளோரன்ஸ்: ஒரே ஒரு படத்துக்காகவே போகலாம்

இத்தாலியின் ஃபுளோரன்ஸில் எல்லாரும் உஃபீசி என்ற பெரிய ஓவிய மியூசியத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் படம் எழுதுகிற ஆள் என்றால் அனுன்சியாத்தா சதுக்கத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். 1419-இல் கட்டடக் கலைஞர் புருனெலெஸ்கி வடிவமைத்துத் தொடங்கிய அநாதைக் குழந்தைகள் இல்லம் அங்கேதான் இருக்கிறது. அதற்குள்தான் மியூசியம். பிள்ளையை விட்டுப்போனவர்கள் கூடவே வைத்த பாதி நாணயம் மாதிரி அடையாளங்களைச் சின்னச் சின்ன இழுப்பறைகளில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு, மூன்றுக்கு மேல் திறக்கவில்லை.

நான் போனது ஓவியர் கிர்லாந்தாயோவின் 'மூவரசர் வணக்கம்' படத்துக்காக; குழந்தை இயேசுவை மூன்று அரசர்கள் வணங்கும் காட்சி அது. அதற்காக இல்லம் அவருடன் 1485-இல் போட்ட ஒப்பந்தம் கறாரோ கறார். கூலி 115 ஃப்ளோரின் (அந்தக் காலத்துப் பொற்காசு), மாதம் மூன்று ஃப்ளோரினாகத் தருவார்கள். நீல வண்ணம் அவுன்ஸ் நான்கு ஃப்ளோரின் தரத்தில் இருக்கணும், அதுவும் ஓவியர் செலவில். 30 மாதத்தில் முடிக்காவிட்டால் அபராதம் 15. படம் அந்த விலை பெறாது என்று இல்லத்தின் சார்பில் ஒப்பந்தம் எழுதிய துறவிக்குத் தோன்றினால் கூலியையும் குறைப்பார்! எல்லாவற்றுக்கும் மேல், பலகை முழுவதையும் 'தி சுவா மானோ', அதாவது ஓவியர் தன் கையாலேயே எழுதித் தரணும்.

கிட்டப் போய்ப் பாருங்கள். முன்னால் மண்டியிட்டிருக்கும் இரண்டு குழந்தைகளின் மெல்லிய வெள்ளைத் துணி வழியே உடம்பு தெரிகிறது; வெட்டுக்காயமும் தெரிகிறது. அது ஆசான் கை, சந்தேகமே இல்லை. பின்னால் தூரத்தில், ஏரோது மன்னன் ஆணைப்படி குழந்தைகளை வெட்டுகிற காட்சி வேறு கைவேகம். அது பர்த்தொலொமேயோ தி ஜொவான்னி என்ற இன்னொரு ஓவியர் எழுதியது என்கிறார்கள். பலகைக்கு அடியில் வரும் சிறு படங்களும் அவருடையவைதான்.

நான் தஞ்சாவூர் படம் எழுதி விற்கிறவள். கல் பதிப்பது, பொன்தாள் ஒட்டுவதெல்லாம் பட்டறைப் பெண்கள். முகமும் கண்ணும் நான். "நீங்களே போட்டதாம்மா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். அதனால் கிர்லாந்தாயோ ஏமாற்றினார் என்று எனக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் இருந்து நேரே பார்க்கிற ஒரு முகம் அவருடையதே என்கிறார்கள். அதை யாரிடமும் கொடுத்திருக்க மாட்டார்.

காசு கொடுத்து அமர்த்திய வழிகாட்டிக்கு இதில் ஒன்றும் தெரியவில்லை, மூன்று நிமிடத்தில் நகர்த்தப் பார்த்தார். தனியாகவே போங்கள். மேலே மொட்டைமாடியில் காபிக்கடை உண்டு, கதீட்ரல் குவிமாடம் நன்றாகத் தெரியும்.