பெரும்பிழைக்குப் பின்: உடனே விலகுவதா, தொடர்ந்து ஆடுவதா?

செஸ் ஆட்டத்தில் கவனக்குறைவால் ராணியையோ யானையையோ பறிகொடுத்த கணத்தில் எழும் அவமானத்திலிருந்து தப்பிக்க, தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவது எளிய வழியாகத் தோன்றும். வேதனை சீக்கிரம் முடிகிறது. நீண்ட தொடரில் அடுத்த சுற்றுக்கான தெம்பும் மிஞ்சுகிறது. ஆனால் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் கணிப்பு அல்ல, பதற்றமே. 1902-இல் மான்டி கார்லோவில் ஜார்ஜ் மார்கோ, நகர முடியாதெனத் தோன்றும்படி கட்டுண்ட தம் மந்திரி இனி பிழைக்காது என்று நம்பி விலகிக்கொண்டார். உண்மையில் அந்த மந்திரியையே நகர்த்தி அவர் வென்றிருக்கலாம்.

தொடர்ந்து ஆடினால் வேதனை நீளும், முகத்தில் எதையும் காட்டாமல் அமர்ந்திருப்பதே தனி உழைப்பு. எனினும் பிழையை எதிராளி கவனிக்காமல் போகலாம். 2014 சோச்சி உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், கார்ல்சன் தம் 26-ஆவது நகர்த்தலில் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். குதிரையால் தண்டிக்கக் கிடைத்த வாய்ப்பை ஆனந்த் காணாமல் சிப்பாயை நகர்த்த, இறுதியில் கார்ல்சனே வென்றார்.

என் சாய்வு இரண்டாம் வழிக்கே. கடிகாரம் இடம்கொடுத்தால் சில நிமிடங்கள் கையைப் பலகையிலிருந்து விலக்கி, இழந்த காயை மறந்து, இருக்கும் நிலையை வேறொருவர் ஒப்படைத்த புதிய நிலையாகப் பார்க்க வேண்டும். எதிர்த்தாக்குதலுக்கு எந்த வழியுமில்லை என்பது அப்போதும் உறுதியானால், தயங்காமல் விலகலாம்.